கோதுமையில் செய்த சைவ மட்டனும் ஹிஸ்டமின் தொல்லையும்: டின், பாக்கெட், வீட்டு மாவு எல்லாம் சாப்பிட்டுப் பார்த்தேன்

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போகலாம். ஹிஸ்டமின் (நொதித்த, நாள்பட்ட சாப்பாட்டில் சேரும் ஒரு பொருள்) ஒத்துக்கொள்ளாத உடம்பு உங்களுக்கு இருந்து, கோதுமைப் புரதத்தில் செய்த சைவ மட்டனைச் சாப்பிடும் ஆசையும் இருந்தால், டின்னில் வருவதைத் தொடாதீர்கள். ஃப்ரீசரில் இருக்கும் பாக்கெட்டை லேபிளைப் படிக்காமல் எடுக்காதீர்கள். பேக்கரிச் சாமான் விற்கும் கடையில் வெறும் குளுட்டன் மாவு (கோதுமைப் புரதப் பொடி) கிடைக்கும், அதை வாங்கி வீட்டிலேயே செய்து அன்றைக்கே சாப்பிடுங்கள். நான் இந்த முடிவுக்கு வர ஏழு மாதம் ஆனது, நடுவில் பல நாள் தலைவலியோடு படுத்துக் கிடந்தேன். அந்த ஏழு மாதத்தை இன்னொருவர் கழிக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் கிள்ளானில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சைவம், புரட்டாசி முழுக்கச் சைவம், தம்பி தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதால் அதற்கு முன்னால் 48 நாள் மறுபடி சைவம். மலேசியாவில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், இந்த நாட்களில் நம் வீட்டு மேசையில் சாம்பார், ரசம், கூட்டோடு ஒரு சைவ மட்டன் பிரட்டலும் இருக்கும். சீனர்களின் பௌத்தச் சைவச் சமையலில் இருந்து நம் அடுப்புக்கு வந்து, பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் சேர்ந்து நம்முடையதாகவே ஆகிவிட்ட சாப்பாடு அது. சில வருடங்களில் புரட்டாசியும் அவர்களுடைய ஒன்பது அரச தெய்வங்கள் திருவிழாவும் ஒன்றையொன்று ஒட்டியே வரும், மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகள் வரிசையாக இருக்கும், அவர்களும் நாமும் ஒரே கடையில் நின்று வாங்குவோம். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் "இதையெல்லாம் விட்டுவிடு" என்று வீட்டில் சொன்னபோது மனசு கேட்கவில்லை.

தொல்லை ஆரம்பித்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். டின் சார்டின் சம்பால், பெலாச்சான் (நொதித்த இறால் விழுது) போட்ட கீரை, நன்றாகப் புளித்த ஊறுகாய், இப்படி எதையாவது சாப்பிட்டால் அரை மணியில் காது மடல் நெருப்பாய்ச் சுடும், கன்னம் சிவக்கும், மூக்கு அடைக்கும், அப்புறம் ஒரு பக்கத் தலைவலி. ஒவ்வாமைப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. கடைசியாகப் பார்த்த மருத்துவர்தான் உட்கார்ந்து பேசினார், ஒரு நோட்டுப் புத்தகத்தில் சாப்பிட்டதையும் வந்ததையும் நேரம் போட்டு எழுதச் சொன்னார், நான்கு வாரம் சந்தேகப்படும் பொருள்களை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். ஹிஸ்டமின் தொல்லைதான் என்று உறுதியாகக் காட்டும் ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது, நிறுத்திப் பார்த்துச் சேர்த்துப் பார்ப்பதுதான் வழி.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்தால்தான் கடையில் எதை எடுப்பது என்று புரியும். ஹிஸ்டமின் நம் உடம்பிலேயே இருக்கிற பொருள்தான், சாப்பாட்டிலும் வரும். புரதத்தில் ஹிஸ்டிடின் என்று ஒரு அமினோ அமிலம் இருக்கிறது, சில பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. ஆகவே புரதம் உள்ள எதுவும் நொதித்தாலோ நாள்பட்டுக் கிடந்தாலோ ஹிஸ்டமின் ஏற வாய்ப்பு உண்டு: கருவாடு, பழைய மீன், பெலாச்சான், நாள்பட்ட சீஸ், கிச்சாப் (சோயா சாஸ்), தாவ்ச்சியோ (நொதித்த சோயா விழுது). சாப்பிட்டதை உடைத்துப் போடக் குடலில் டிஏஓ என்று ஒரு நொதி இருக்கிறது, அது போதாதவர்களுக்குத்தான் இந்தப் பாடு. ஜெர்மனியின் போன் நகரத்தைச் சேர்ந்த மைன்ட்ஸ், நோவாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2007-இல் எழுதிய கட்டுரையில் நூற்றுக்கு ஒருவர் அளவில் இது இருக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இன்னொன்றை மறக்கவே கூடாது: ஒருமுறை உருவான ஹிஸ்டமின் கொதிக்க வைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது, ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. ஃப்ரீசர் புதிதாக உருவாவதை நிறுத்தும், அவ்வளவுதான்.

கோதுமை என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். சீலியாக் நோய் இருப்பவர்களுக்குக் குளுட்டன் குடல் சுவரையே கெடுக்கும், அந்தச் சுவரில்தான் டிஏஓ உண்டாகிறது, அதனால் சீலியாக் இருந்து அது தெரியாமல் ஹிஸ்டமின் தொல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. அதற்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அதை எடுக்க வேண்டும், நிறுத்திவிட்டு எடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். எனக்கு எடுத்தார்கள், இல்லை. கோதுமை ஒவ்வாமையும் இல்லை. இந்த இரண்டும் தெளிவான பிறகுதான் நான் கீழே சொல்வதையெல்லாம் செய்தேன், நீங்களும் அந்த வரிசையிலேயே போங்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் அலசிக்கொண்டே இருந்தால் மாவுச்சத்து பால் மாதிரி கரைந்து போய் கையில் ரப்பர் போல ஒரு கட்டி நிற்கும், அதுதான் குளுட்டன். சீனத்தில் மியென்ஜின் என்பார்கள், மாவின் தசைநார் என்று பொருள் வரும், பிய்த்துப் பார்த்தால் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். ஜப்பானிய வழியாக மேற்கே போய் செய்டான் ஆகியிருக்கிறது. நம் ஊர் ஆட்கள் எல்லாவற்றையும் சைவ மட்டன், சைவச் சிக்கன் என்றே சொல்லிவிடுகிறோம், ஆனால் அந்தப் பெயரில் விற்பதெல்லாம் ஒன்று அல்ல. சிலது முழுக்கச் சோயா, சிலது காளான் தண்டு, சிலது கோதுமை, பெரும்பாலும் இரண்டு மூன்றும் கலந்தது. மலாயில் உள்ள பட்டியலில் 'கண்டும்' (gandum) என்ற சொல்லைத் தேடினால் கோதுமை தெரிந்துவிடும்.

நான் முதலில் எடுத்தது டின். எண்ணெயில் பொரித்துக் கிச்சாப்பிலும் சர்க்கரையிலும் ஊறிய குளுட்டன், கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள அருமையாக இருக்கும், சின்ன வயதில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒரு கிண்ணம் கொடுத்தால் சண்டை போட்டுத் தின்போம். பாதி டின் சாப்பிட்டேன். நாற்பது நிமிடத்தில் காது சுட ஆரம்பித்தது, ஒரு மணி நேரத்தில் முகம் முழுக்கச் சிவப்பு, இரவு முழுக்கத் தலைவலி. நோட்டில் "குளுட்டன், ஆகாது" என்று எழுதிவிட்டேன். அது அவசரப்பட்டு எழுதியது. ஒரு தடவை சாப்பிட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதினால் இப்படித்தான் தவறான ஆளைக் குற்றவாளி ஆக்கிவிடுவோம்.

மூன்று மாதம் சைவ மட்டன் பக்கமே போகவில்லை. அப்புறம் ஒரு நாள் சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது: சப்பாத்தியிலும் இதே குளுட்டன்தானே இருக்கிறது, வாரத்துக்கு மூன்று நாள் சாப்பிடுகிறேன், ஒன்றும் ஆகவில்லையே. டின்னை எடுத்து மறுபடி படித்தேன். கோதுமைப் புரதம், சோயா எண்ணெய், கிச்சாப், சர்க்கரை, உப்பு. இதில் சப்பாத்தியில் இல்லாத முக்கியமான சரக்கு கிச்சாப். முறையாகச் செய்யும் கிச்சாப் சோயாவையும் கோதுமையையும் மாதக்கணக்கில் நொதிக்க வைத்து எடுப்பது, அதில் ஹிஸ்டமின் எவ்வளவு என்பது ஒரு தயாரிப்புக்கும் இன்னொன்றுக்கும் நிறைய மாறும். அதனால்தான் ஒரு நாள் ஒன்றும் ஆகாது, இன்னொரு நாள் ஆளைச் சாய்த்துவிடும்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள இரண்டையும் பிரித்துப் பார்த்தேன். ஒரு வாரம் நன்றாக இருந்த பிறகு, வெறும் சோற்றில் ஒரு மேசைக்கரண்டி கிச்சாப் மட்டும் ஊற்றிச் சாப்பிட்டேன். அரை மணியில் காது. இன்னொரு வாரம் பொறுத்து, உப்பும் மஞ்சளும் மட்டும் போட்டு வேக வைத்த குளுட்டன், கூட வெள்ளைச் சோறு, வேறொன்றும் இல்லை. ஒன்றும் ஆகவில்லை. நம்பாமல் மூன்று தடவை, மூன்று வெவ்வேறு நாள் செய்தேன், மூன்றிலும் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது நாள் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வீட்டில் ஒருவருக்கும் புரியவில்லை, இது என் உடம்பு, உங்கள் உடம்பு வேறாக இருக்கலாம், ஆனாலும் கிச்சாப்பையும் கோதுமையையும் தனித்தனியாகப் பார்க்காமல் கோதுமையைத் தள்ளி வைத்துவிடாதீர்கள் என்று யாராவது எனக்கு அன்றே சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஃப்ரீசரில் வரும் பாக்கெட்டுகளை அடுத்துப் பார்த்தேன், நான்கு விதம். நிறுவனப் பெயர்களை எழுதவில்லை, பெயரைவிடப் பட்டியலைப் படிக்கப் பழகுவதுதான் உதவும். 'கிச்சாப் சோயா', 'எக்ஸ்ட்ராக் யிஸ்' அதாவது ஈஸ்ட் சாறு, இந்த இரண்டும் இருந்த இரண்டு பாக்கெட் எனக்கு ஆகவில்லை, டின் அளவுக்கு மோசம் இல்லை என்றாலும் மூக்கடைப்பும் மந்தமும் வந்தது. மூன்றாவதில் கிச்சாப் இல்லை, ஈஸ்ட் சாறு மட்டும், ஒரு நாள் சரியாக இருந்தது ஒரு நாள் இல்லை. நான்காவதில் கோதுமை, சோயா மாவு, எண்ணெய், உப்பு, மசாலா, அது பரவாயில்லை. ஆனால் சுவை அட்டை மாதிரி. ஒரு பாக்கெட்டில் முட்டை வெள்ளைக் கருவும் இருந்தது, விரதத்துக்கு வாங்குகிறவர்கள் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹிஸ்டமின் எவ்வளவு என்று எந்த லேபிளிலும் இருக்காது, நாமாக ஊகிக்க வேண்டியதுதான்.

உணவகத்தில் சாப்பிடுவதைப் பற்றி வருத்தத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. வாழை இலைச் சாப்பாடு போடும் ஒரு கடையில் (பெயர் வேண்டாம், அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை) சைவ மட்டன் பிரட்டலில் கிச்சாப் போடுவீர்களா என்று கேட்டேன். "இல்லைக்கா, சுத்த சைவம்" என்றார் பரிமாறிய தம்பி. நான் சைவமா என்று கேட்கவே இல்லை. நிறம் பார்த்தாலே தெரிந்தது, கறுப்புக் கிச்சாப் ஊற்றிய நிறம், போதாததற்குத் தக்காளிக் குழம்பு. தக்காளியும் கத்திரிக்காயும் நொதிக்காமலே ஹிஸ்டமின் பட்டியலில் வருகிறவை. மேலும் காலையில் செய்து மாலை வரை சூட்டில் வைத்திருந்தது. அன்று இரவு பட்ட பாட்டுக்குப் பிறகு வெளியில் இதை மட்டும் சாப்பிடுவதில்லை, சோறும் பருப்பும் முட்டைக்கோஸ் பொரியலும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். இப்போதெல்லாம் "கிச்சாப் ஊற்றினால் எனக்கு உடம்புக்கு வந்துவிடும்" என்று நேரடியாகச் சொல்கிறேன், அப்போதுதான் சமையல்கட்டில் போய்க் கேட்டு வருகிறார்கள்.

நடுவில் கிடைத்த ஒரு நல்ல பொருள், பொரித்த குளுட்டன் உருண்டை. சீனர் மளிகைக் கடையில் காற்றடைத்த பை போல லேசாக, பொன்னிறத்தில் தொங்கும். பெரும்பாலும் கோதுமைப் புரதமும் எண்ணெயும்தான், கிச்சாப் கிடையாது. கொதிநீரில் போட்டுப் பிழிந்தால் பழைய எண்ணெய் வாடை போய்விடும், அப்புறம் தேங்காய்ப் பால் குழம்பில் போட்டால் குழம்பை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். மட்டன் மாதிரி இருக்காது, ஆனால் நன்றாக இருக்கும், எனக்கு ஒத்துக்கொண்டது. எண்ணெய் சிக்கு வாடை அடித்தால் மட்டும் வாங்காதீர்கள். காவ்ஃபூ என்று பஞ்சு போன்ற ஒன்றும் சில கடைகளில் உண்டு, அது ஈஸ்ட் போட்டுப் பொங்க வைத்து ஆவியில் வேக வைப்பது, அதை நான் இன்னும் சோதிக்கவில்லை.

இனி அந்தக் குளுட்டன் மாவு. கேக், ரொட்டி செய்யும் சாமான் விற்கும் கடையில் அரைக் கிலோ 11 வெள்ளி (ரிங்கிட்) 50 காசுக்கு வாங்கினேன். ரொட்டிக்காரர்கள் மாவுக்கு வலு சேர்க்க வாங்குவது, நூறு கிராமில் 75 முதல் 80 கிராம் வரை புரதம். உலர்ந்த பொடி என்பதால் பாக்டீரியா வளரத் தண்ணீர் இல்லை. தண்ணீர் ஊற்றிய நேரத்திலிருந்து தட்டில் போடும் நேரம் வரை எல்லாம் என் கையில் இருக்கிறது, எனக்கு இந்த மாவு பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம். மாவை அலசி எடுக்கும் பழைய முறையையும் செய்து பார்த்தேன், நன்றாக வந்தது. ஆனால் சிலர் சொல்வது போல இரவு முழுக்கத் தண்ணீரில் ஊற வைக்காதீர்கள், நம் ஊர் வெயிலில் காலையில் அது புளித்து நாறும். நொதித்ததிலிருந்து தப்பிக்கத்தானே இவ்வளவு பாடு.

செய்முறை பெரிய விஷயம் இல்லை. 200 கிராம் குளுட்டன் மாவு, 40 கிராம் கடலை மாவு (இது இல்லாவிட்டால் செருப்பு வார் மாதிரி ஆகிவிடும்), உப்பு, மஞ்சள், மல்லித்தூள், பெருஞ்சீரகத்தூள், அன்று இடித்த இஞ்சி பூண்டு, ஒரு கரண்டி எண்ணெய். 230 மில்லி தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றி, இரண்டு நிமிடம் பிசைந்தால் போதும், அதற்கு மேல் பிசைந்தால் பல் வலிக்கும். பத்து நிமிடம் விட்டு, நீளமாக உருட்டி, வாழை இலையில் சுற்றிக் கட்டி, இட்லிப் பானையில் 45 நிமிடம் ஆவியில் வைக்க வேண்டும். தண்ணீரில் நேரடியாகப் போட்டுக் கொதிக்கவிட்டால் ஊதிப் பஞ்சாகிவிடும், முதல் தடவை எனக்கு அப்படித்தான் ஆனது. ஆறியதும் கத்தி வைக்காமல் கையால் பிய்த்துப் போடுங்கள், நார் நாராக வரும். சின்ன வெங்காயத்தை நன்றாகச் சிவக்க வதக்கி, ஒரு கரண்டி சர்க்கரையைக் கருக விட்டு நிறம் கொடுத்து, பட்டை, கறிவேப்பிலை, அன்று பிழிந்த தேங்காய்ப் பால் சேர்த்துச் சுருள வதக்கினால் கிச்சாப்பும் தக்காளியும் இல்லாமலே பிரட்டல் வந்துவிடும். என் மாமியார் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், அவர் சும்மா பாராட்டுகிறவர் இல்லை.

மிஞ்சியதை என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். வெந்தது ஆறிய உடனே ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிடுவேன், எடுக்கும்போது மேசையில் வைத்து உருக விடாமல் நேராகச் சூடான சட்டியில் போடுவேன். ஐஸ் பெட்டியின் கீழ்த் தட்டில் மூன்று நாள் வைத்ததை ஒரு தடவை சாப்பிட்டு மூக்கடைப்பு வந்தது, அன்று தோசை மாவும் புளித்த மாவுதான், எதனால் என்று பிரிக்க முடியவில்லை, ஆனாலும் அதற்கப்புறம் அப்படி வைப்பதில்லை.

மருந்துக் கடையில் டிஏஓ மாத்திரை என்று ஒன்று காட்டினார்கள், சாப்பாட்டுக்கு முன் போட்டுக்கொண்டால் எதையும் சாப்பிடலாம் என்றார்கள். விலையைப் பார்ப்பதற்கு முன்னால் பின்பக்கம் பார்த்தேன், பன்றியின் சிறுநீரகத்திலிருந்து எடுத்தது. சந்தையில் இருப்பவை பலதும் அப்படித்தான், பட்டாணி முளையிலிருந்து எடுப்பதும் இப்போது வருகிறது. விரதம் இருக்கிறவர்களும் சைவர்களும் முஸ்லிம் நண்பர்களும் கேட்காமல் வாங்கிவிடாதீர்கள். விற்கிறவர் தானாகச் சொல்லவில்லை, நான் கேட்ட பிறகுதான் தலையாட்டினார். எனக்கு அது கோபம் வந்த இடம்.

மதிப்பெண் போடச் சொன்னால், ஹிஸ்டமின் தொல்லை உள்ளவர் என்ற கணக்கில், டின்னுக்கு ஐந்தில் பூஜ்யம், ஃப்ரீசர் பாக்கெட்டுக்கு ஒன்றரை, பொரித்த உருண்டைக்கு மூன்றரை, வீட்டில் செய்யும் குளுட்டன் மாவுக்கு நாலரை. அந்த அரை மதிப்பெண்ணைக் குறைத்தது நேரத்துக்காக, வேலை முடிந்து வந்து ஒன்றேகால் மணி நேரம் அடுப்படியில் நிற்பது எல்லோராலும் முடியாது.

தம்பிக்கு அடுத்த மாதம் விரதம் தொடங்குகிறது, இரண்டு கிலோ மாவு வாங்கி வைத்திருக்கிறேன். குழம்புக்குப் புளிப்பு மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. தக்காளியும் இல்லை, எலுமிச்சையும் எனக்கு அவ்வளவாக ஒத்துக்கொள்வதில்லை. இதே தொல்லை உள்ள யாராவது எதையாவது போட்டுப் பார்த்து ஒத்துக்கொண்டிருந்தால், என்ன, எவ்வளவு, எத்தனை தடவை என்று சேர்த்துச் சொல்லுங்கள்.